வறண்ட ஆற்றின் கணக்கு

பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு

வெள்ளம் வந்த நாளை ஊரில் எவரைக் கேட்டாலும் சொல்லிவிடுவர். வறட்சி தொடங்கிய நாளைக் கேட்டால் எவராலும் விடை கூற இயலாது. கிணற்றில் வாளிக் கயிறு ஒரு முழம் கூடுதலாக இறங்கும். குழாயில் நீர் வரும் நேரம் சிறிது சிறிதாகச் சுருங்கும். பிறகு ஒரு நாள் தெருமுனையில் லாரிக்காகக் குடங்கள் வரிசையில் நிற்கும். தொடக்கமும் முடிவும் தெளிவாகத் தெரியாத ஒன்றை அளப்பது எவ்வாறு? அது எத்தனை ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் என்று கூறுவது எவ்வாறு? புள்ளியியல் அறிஞர்கள் இதற்குக் கண்டுள்ள வழியை நம் பகுதி ஆறுகளைக் கொண்டே இங்கு விளக்க முயல்கிறோம். நம் கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பாடமாகிய ‘புள்ளியியலும் நிகழ்தகவும்’ ஓரளவு நினைவிலிருந்தால் போதும். மறந்தவர்களும் அஞ்ச வேண்டாம்.

முதலில் நம் ஆறுகளைப் பார்ப்போம். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் வாழும் நமக்கு வடக்கே கொசஸ்தலையாறு, நடுவே கூவம், தெற்கே அடையாறு என மூன்று ஆறுகள் அண்டை வீட்டாரைப் போல் உள்ளன. கொசஸ்தலையாற்றின் குறுக்கே 1944-இல் பூண்டி நீர்த்தேக்கம் கட்டி முடிக்கப்பட்டது. அதற்குக் கீழே தாமரைப்பாக்கம் அணைக்கட்டில் நீர் சோழவரம் ஏரிக்குத் திருப்பப்பட்டு, அங்கிருந்து புழல் ஏரிக்குச் செல்கிறது. எஞ்சியது எண்ணூரில் கடலை அடைகிறது. கூவத்தின் நீரோ ஜமீன் கொரட்டூர் அணைக்கட்டில் திரும்பிச் செம்பரம்பாக்கம் ஏரிக்குப் போகிறது. (அம்பத்தூரை அடுத்த நம் கொரட்டூர் வேறு, பெயர் ஒன்றாயிருப்பதால் பலரும் குழம்புகின்றனர்.) சென்னை மாநகருக்குப் புழல் ஏரியின் நீர் 1872 முதல் போய்க்கொண்டிருக்கிறது. ஆகவே நம் வீட்டருகே ஓடும் ஆறு வற்றினால் தாகம் நம்மோடு நிற்பதில்லை. மாநகர் முழுவதும் அதை உணரும்.

இந்த ஆறுகளை எப்படி அளப்பது? எவருக்கும் முதலில் தோன்றுவது சராசரி. சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. இது நல்ல மழையே. ஆனால் சராசரி என்பது சண்டையை மறைத்து விருந்தினர் முன் சிரிக்கும் குடும்பத்தைப் போன்றது. 2015 டிசம்பர் தொடக்கத்தில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டதும், அடையாற்றின் கரையில் வீடுகள் மூழ்கியதும் பெற்றோர்கள் அறிந்தவையே. அதற்கு அடுத்த ஆண்டு, 2016-இல், வடகிழக்குப் பருவமழை தமிழகம் முழுவதற்குமாக 62 சதவீதம் குறைந்துபோயிற்று. இவ்விரண்டு ஆண்டுகளையும் கூட்டி இரண்டால் வகுத்தால் பெரிய குறை எதுவும் கண்ணுக்குப் புலப்படாது! மூழ்கியவருக்கும் தவித்தவருக்கும் அந்தச் சராசரியால் என்ன பயன்?

ஆதலால் அறிஞர்கள் சராசரியை விட்டுவிட்டு வேறொரு வழியை மேற்கொண்டனர். யுகோஸ்லாவியாவிலிருந்து சென்று அமெரிக்காவில் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய வுயிட்சா யெவ்யெவிச் என்பவர் 1967-இல் இதைத் தெளிவாக வகுத்தார். வழி மிக எளிது. ஆற்றின் நீரோட்டத்தை மாதவாரியாக வரைபடத்தாளில் குறியுங்கள். நமக்குத் தேவையான அளவில் குறுக்கே ஒரு கோடு கிழியுங்கள். ஓட்டம் கோட்டுக்குக் கீழே இறங்கும்போது வறட்சி தொடங்குகிறது; கோட்டுக்கு மேலே ஏறும்போது முடிகிறது. கீழே இருந்த மாதங்களின் எண்ணிக்கை அதன் கால அளவு. அந்த மாதங்களில் கோட்டுக்கும் ஓட்டத்துக்கும் இடையே விழுந்த பள்ளம் முழுவதையும் கூட்டினால் அதன் கடுமை. தொடக்கமும் முடிவும் இல்லாதிருந்த ஒன்றுக்கு ஒரு கோட்டினால் இரண்டும் கிடைத்துவிட்டன.

ஒரு கற்பனை ஆற்றைக் கொண்டு கணக்கிடுவோம். கோடு 10 அளவில் இருக்கிறது என்க. ஓர் ஆண்டில் தொடர்ந்து ஐந்து மாதம் ஆற்றில் 8 அளவு நீர் ஓடுகிறது. மாதம் 2 வீதம் ஐந்து மாதத்துக்குப் பற்றாக்குறை 10. வேறோர் ஆண்டில் இரண்டே மாதம் 5 அளவு நீர் ஓடுகிறது. மாதம் 5 வீதம் இரண்டு மாதத்துக்கும் பற்றாக்குறை அதே 10 தான். கடுமையில் இரண்டும் சமம். ஆனால் இரண்டும் ஒன்றாகுமா? முதலாவது, அம்மா அரிசியைச் சிறிது குறைத்து உலையில் போடும் ஐந்து மாதம். இரண்டாவது, பாதிப் பானையாகிவிட்ட இரண்டு மாதம். வீட்டில் தொட்டி கட்டி நீர் சேர்த்து வைத்திருப்பவர் இரண்டையும் ஒன்றுபோல் கடந்துவிடுவார். குடத்தை மட்டும் நம்பியிருப்பவருக்கு இரண்டாவதுதான் பெருந்துன்பம். எனவே கடுமை, கால அளவு ஆகிய இரண்டையும் சேர்த்தே கூற வேண்டும்.

இங்கே ஒரு சிக்கலும் உண்டு. நீண்ட வறட்சியின் நடுவே ஒரு நாள் மழை பெய்தால் வறட்சி முடிந்ததாகுமா? 2019 ஜூன் 20-ஆம் தேதி சென்னையில் பல மாதங்களுக்குப் பிறகு மழை பெய்தது, மக்கள் மகிழ்ந்தனர். ஆனால் ஏரிகள் அப்படியே கிடந்தன. கணக்கிடுவோர் இத்தகைய சிறு இடைவெளிகளைத் தள்ளிவிட்டு, முன்னதையும் பின்னதையும் ஒரே வறட்சியாகச் சேர்த்துவிடுகின்றனர். சேர்க்காவிட்டால் ஒரு பெரிய வறட்சி இரண்டு சிறிய வறட்சிகளாகத் தோன்றி நம்மை ஏமாற்றும்.

இனி, ‘எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை’ என்ற கேள்வி. ஓர் ஆற்றுக்கு 39 ஆண்டுக் கணக்கு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மிக மோசமான ஆண்டுக்கு முதல் இடம், அடுத்ததற்கு இரண்டாம் இடம் என்று, பரீட்சையில் தரம் போடுவதற்கு நேர்மாறாக வரிசைப்படுத்துங்கள். ஆண்டுகளின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டி, இடத்தால் வகுங்கள். நான்காம் இடத்தில் உள்ள ஆண்டுக்கு 40-ஐ 4 ஆல் வகுக்க 10 கிடைக்கிறது. அதாவது அந்த அளவோ அதைவிட மோசமானதோ ஆன வறட்சி சராசரியாகப் பத்து ஆண்டுக்கு ஒருமுறை வரும்.

‘சராசரியாக’ என்ற சொல்லைக் கவனியுங்கள். பெரியவர்களும் இதில் தவறுவதைக் கேட்டிருக்கிறோம். “போன ஆண்டுதான் வந்து போயிற்று, இனிப் பத்து ஆண்டுக்குக் கவலை இல்லை” என்பார்கள். பத்தாண்டு வறட்சி பஞ்சாங்கம் பார்த்து வருவதில்லை. ஒவ்வோர் ஆண்டும் அது வருவதற்குப் பத்தில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. வராமலிருக்கப் பத்தில் ஒன்பது. நாம் முதல் வகுப்பில் சேர்ந்தது முதல் பத்தாம் வகுப்பு முடிக்கும் வரையுள்ள பத்து ஆண்டுகளிலும் அது வராமலே இருக்க, 0.9-ஐப் பத்து முறை பெருக்க வேண்டும். விடை சுமார் 0.35. ஆகவே நம் பள்ளிப் பருவத்துக்குள் ஒருமுறையேனும் அதைக் காணும் வாய்ப்பு நூற்றுக்கு 65. எங்கள் வகுப்புக்கு அது ஆரம்பப் பள்ளியிலேயே வந்து சேர்ந்தது.

39 ஆண்டுக் கணக்கைக் கொண்டு நூறாண்டு வறட்சியைச் சொல்ல வேண்டுமானால் என்ன செய்வது? அதற்குத்தான் கணித வளைவுகள் தேவைப்படுகின்றன. இத்துறையில் பெரும் பெயர் எமில் கும்பெல். 1891-இல் ஜெர்மனியில் முனிச் நகரில் பிறந்தவர். போரை வெறுத்தவர், நாஜிகளைத் துணிந்து எதிர்த்து எழுதியமையால் 1932-இல் ஹைடல்பெர்க் பல்கலைக்கழகப் பதவியை இழந்தார். பிரான்சுக்கும், பின்னர் அமெரிக்காவுக்கும் தப்பிச் சென்று, உச்ச அளவுகளையும் நீச அளவுகளையும் பற்றிய தம் பெருநூலை 1958-இல் வெளியிட்டார். எல்லா அளவுகளையும் ஆராய வேண்டாம், ஒவ்வோர் ஆண்டின் மிகப் பெரியதையும் மிகச் சிறியதையும் மட்டும் தனியே எடுத்து ஆராய்ந்தால் அவை தமக்கென ஒரு விதியைப் பின்பற்றும் என்பதே அதன் அடிப்படை. சிறியவற்றுக்கு ஸ்வீடன் நாட்டுப் பொறியாளர் வைபுல் என்பவரின் வளைவும் பொருந்துகிறது. அவர் ஆராய்ந்தது ஆறுகளையன்று. பொருள்கள் எந்தப் பளுவில் உடைகின்றன என்பதை. சங்கிலி அறுவது அதன் மெலிந்த கண்ணியில்தானே? ஆறும் ஆண்டின் மிக மெலிந்த வாரத்தில்தான் சோதிக்கப்படுகிறது.

அமெரிக்காவில் இந்த மெலிந்த வாரத்தைக் கொண்டே பல விதிகள் செய்துள்ளனர். பத்தாண்டில் ஒருமுறை வரக்கூடிய, ஏழு நாளின் மிகக் குறைந்த சராசரி ஓட்டம் எவ்வளவோ அதைப் பார்த்துத்தான், தொழிற்சாலைகள் ஆற்றில் எவ்வளவு கழிவு விடலாம் என்று முடிவு செய்கின்றனர். நல்ல முறைதான். ஆனால் அதை அப்படியே கொசஸ்தலையாற்றுக்குக் கொண்டுவந்தால் விடை பூச்சியம்! ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் ஆற்றில் ஏழு நாள் வறண்டிருப்பது என்ன புதுமை? பூச்சியங்கள் நிறைந்த கணக்கில் வளைவு பொருந்தாது. அங்கே இரண்டு படியாகச் செல்ல வேண்டும். முதலில், ஆறு முற்றிலும் வறண்டிருக்க வாய்ப்பு எவ்வளவு என்று தனியே காண்பது. பிறகு ஓடுகிற காலத்துக்கு மட்டும் வளைவைப் பொருத்துவது. அல்லது நீரை அளப்பதை விட்டுவிட்டு, தொடர்ந்து எத்தனை நாள் வறண்டிருந்தது என்று நாட்களை எண்ணுவது. தேம்ஸ் நதிக்குத் தைத்த சட்டை கூவத்துக்குப் பொருந்தாது என்பது எங்கள் கருத்து.

கடுமையையும் கால அளவையும் ஒன்றாக இணைத்து ஒரே வாய்ப்பாகக் கூறுவதற்கு ‘காபுலா’ என்ற முறை உள்ளது. லத்தீன் மொழியில் இச்சொல்லுக்கு இணைப்பு என்று பொருள். 1959-இல் ஏப் ஸ்க்ளார் என்ற கணித அறிஞர் இதற்கு அடிப்படையான தேற்றத்தை நிறுவினார். இதன் கணிதம் எங்களுக்கு எட்டாத உயரத்தில் உள்ளது. ஆயினும் கருத்து எளியதே. நீண்ட வறட்சி பெரும்பாலும் கடுமையாகவும் இருக்கும். எனவே இரண்டு வாய்ப்புகளையும் தனித்தனியே கண்டு பெருக்கிவிட்டால், உண்மையைவிட மிகச் சிறிய விடை வந்து நாம் வீணாக நிம்மதி அடைவோம்.

இதுவரை கூறியவை ஓர் ஆண்டின் கணக்கு. நம் பகுதிக்கு உண்மையில் அச்சம் தருவது வேறொன்று. அதை விளங்கிக்கொள்ளப் பழைய ஏற்பாட்டுக்குச் செல்வோம்.

பார்வோன் மன்னன் கண்ட கனவு நாம் எல்லோரும் மறைக்கல்வி வகுப்பில் கேட்டதே. நைல் நதியிலிருந்து ஏழு கொழுத்த பசுக்கள் ஏறி வந்தன. பின்னால் வந்த ஏழு மெலிந்த பசுக்கள் அவற்றைத் தின்றுவிட்டன. யோசேப்பு அதற்குப் பொருள் கூறி, செழிப்பான ஏழு ஆண்டுகளிலும் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கைச் சேமிக்கச் சொன்னார். இந்தக் கதையில் ஒரு புள்ளியியல் செய்தி ஒளிந்திருக்கிறது. மெலிந்த ஆண்டுகள் ஒன்று இங்கும் ஒன்று அங்குமாகச் சிதறி வரவில்லை, ஒன்றன்பின் ஒன்றாகக் கூட்டமாக வந்தன! ஹெரால்டு ஹர்ஸ்ட் என்ற ஆங்கிலேயர் எகிப்தில் நெடுங்காலம் தங்கி, நைல் நதியில் எவ்வளவு பெரிய நீர்த்தேக்கம் கட்டினால் போதும் என்று ஆராய்ந்தார். கெய்ரோவில் ரோடா தீவிலுள்ள அளவுகோலின் குறிப்புகள் கி.பி. 622 முதல் கிடைக்கின்றன. அவற்றையெல்லாம் கணக்கிட்டு, நல்ல ஆண்டுகளும் கெட்ட ஆண்டுகளும் நாணயம் சுண்டுவதுபோல் வராமல் கூட்டம் கூட்டமாக வருகின்றன என்று 1951-இல் வெளியிட்டார். 1968-இல் மாண்டல்பிராட், வாலிஸ் என்ற இருவர் இதற்கு ‘யோசேப்பு விளைவு’ என்று பெயரிட்டனர். திடீரென வரும் பேரளவுக்கு ‘நோவா விளைவு’ என்று பெயர். ஆராய்ச்சிக் கட்டுரையில் இப்பெயர்களைக் காண்பதில் எங்களுக்குத் தனி மகிழ்ச்சி.

இப்போது யோசேப்பின் களஞ்சியத்தையும் நம் ஏரிகளையும் ஒப்பிடுவோம். பூண்டி 3,231, சோழவரம் 1,081, புழல் 3,300, செம்பரம்பாக்கம் 3,645. எல்லாம் மில்லியன் கன அடி. நான்கும் நிரம்பி வழிந்தால் 11,257 மில்லியன் கன அடி; அதாவது 11 டி.எம்.சி.க்குச் சற்று அதிகம். ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி, ஏறத்தாழ 2,830 கோடி லிட்டர். நகருக்கு நாளொன்றுக்கு 80 கோடி லிட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒரு டி.எம்.சி. 35 நாட்களுக்கு வரும். நான்கு ஏரிகளும் ஓராண்டுக்குச் சற்று அதிகமாக வரும். வெயிலில் ஆவியாவதையும் அடியில் தங்குவதையும் கழித்தால் ஓராண்டுகூட வராது. யோசேப்பு ஏழு ஆண்டுக்குக் களஞ்சியம் கட்டினார். நம் களஞ்சியம் ஒரு பருவமழை பொய்த்தால் தாங்கும்; இரண்டு தொடர்ந்து பொய்த்தால் தாங்காது.

ஆகையால் நாம் கேட்க வேண்டிய கேள்வி, ‘பருவமழை பொய்க்க வாய்ப்பு எவ்வளவு?’ என்பதைவிட, ‘பொய்த்த ஆண்டை அடுத்து மீண்டும் பொய்க்க வாய்ப்பு எவ்வளவு?’ என்பதே. ஐந்தில் ஒரு பங்கு வாய்ப்பு என்று எடுத்துக்காட்டாகக் கொள்வோம். ஆண்டுகள் ஒன்றையொன்று அறியாதவை என்றால், இரண்டு தொடர்ந்து பொய்ப்பது இருபத்தைந்தில் ஒன்று. ஒரு கெட்ட ஆண்டுக்குப் பின் அடுத்ததும் கெட்டதாக ஐந்தில் இரண்டு வாய்ப்பு உண்டு என்றால், அது இருபத்தைந்தில் இரண்டு. ஆபத்து இரட்டிப்பாகிவிட்டது, ஆனால் சராசரி மழை ஒரு துளிகூட மாறவில்லை!

மழையைக் காட்டிலும் ஆற்றில் இந்தத் தொடர்ச்சி அதிகம். வறண்ட ஆண்டுக்குப் பின் மழை பெய்தால், முதலில் காய்ந்த மண் குடிக்கும். பிறகு மேலேயுள்ள ஊர்களின் வற்றிய ஏரிகளும் கிணறுகளும் குடிக்கும். மிஞ்சியதுதான் பூண்டிக்கு வரும். சென்ற ஆண்டின் கடனை ஆறு இந்த ஆண்டின் மழையில் அடைக்கிறது என்றும் சொல்லலாம்.

2019-இல் நேர்ந்தது இதுவே. 2016-இல் மழை பொய்த்தது. அந்தப் பள்ளம் சரியாக நிரம்புமுன்பே 2018-இன் வடகிழக்குப் பருவமழை சென்னையில் வழக்கமான அளவில் பாதியைக்கூட எட்டவில்லை. 2019 ஜூன் மாதத்தில் நான்கு ஏரிகளும் ஏறக்குறைய அடிமண் தெரியக் கிடந்தன. ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து முதல் தண்ணீர் ரயில் 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் நீருடன் நம் ஆவடி, அம்பத்தூர் நிலையங்களைக் கடந்து வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. மாலை போட்டு வரவேற்றார்கள். நன்றி கூற வேண்டியதே. ஆயினும் வகுத்துப் பாருங்கள்: 80 கோடியில் 25 லட்சம், முந்நூற்றில் ஒரு பங்குகூட இல்லை.

வெளியூர் நீர் கைகொடுக்காதா என்று கேட்கலாம். கிருஷ்ணா நதியில் ஆண்டுக்கு 2,060 டி.எம்.சி. ‘75 சதவீத நம்பகத்தில்’ கிடைக்கும் என்று 1973-இல் பச்சாவத் நடுவர் மன்றம் முடிவு செய்தது. நூறு ஆண்டில் 75 ஆண்டுகளில் அவ்வளவோ அதற்கு மேலோ ஓடும் என்பது இதன் பொருள். மற்ற 25 ஆண்டுகளைப் பற்றி அந்த எண் வாய் திறப்பதில்லை. 1983 உடன்படிக்கைப்படி, கண்டலேறு வழியாக வெட்டப்பட்ட கால்வாயில் கிருஷ்ணா நீர் 1996-இல் பூண்டியை அடைந்தது. சேதாரம் போக ஆண்டுக்கு 12 டி.எம்.சி. என்பது பேச்சு, முழு அளவு வருவது அரிது. இருந்தாலும் ஒரு நன்மை உண்டு. கிருஷ்ணாவுக்குத் தென்மேற்குப் பருவமழை, நமக்கு வடகிழக்கு. எல் நினோ ஆண்டுகளில் முன்னது குறைந்து பின்னது கூடுவது பலமுறை காணப்பட்டிருக்கிறது. 2015 அதற்கு ஓர் எடுத்துக்காட்டு. ஒன்று பொய்க்கும்போது மற்றதும் பொய்க்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மீஞ்சூருக்கு அருகிலும் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்களுக்கோ எந்த மழையும் தேவையில்லை. ஆனால் மின்சாரமும் பணமும் தேவை.

இந்தக் கணக்குகள் எல்லாம் பழைய குறிப்பேடுகளை நம்பியே நிற்கின்றன. அவற்றின் மதிப்பை நம் நாட்டுக்கு முதலில் உணர்த்தியவர்களுள் ஒருவர் மஹலனோபிஸ். 1926-இல் ஒரிசாவில் பிராமணி ஆறு பெருவெள்ளம் கண்டபோது, ஆற்றின் படுகை உயர்ந்துவிட்டது, கரைகளை உயர்த்த வேண்டும் என்று பொறியாளர்கள் கருதினர். அவர் சுமார் அறுபது ஆண்டுக் கணக்கை ஆராய்ந்து, படுகை உயரவில்லை, மேற்பகுதியில் பெய்த மிகுதியான மழையே காரணம் என்று காட்டினார். ஆனால் குறிப்பேட்டுக்கும் ஒரு குறை உண்டு. ஆறு மாறாமல் இருந்தால்தான் பழைய ஆண்டுகள் வரும் ஆண்டுகளுக்குச் சாட்சி சொல்ல முடியும். கொசஸ்தலையாற்றில் மணல் அள்ளப்பட்டுவிட்டது. ஏரிகள் பல வீட்டுமனைகளாகிவிட்டன. பூமியும் வெப்பமடைந்து வருகிறது. 1950-இல் ஓடிய ஆறும் இன்று ஓடும் ஆறும் ஒன்றுதானா என்பதை ஆராயாமல் எல்லா ஆண்டுகளையும் ஒரே வரிசையில் நிறுத்துவது, மூன்றாம் வகுப்பு விடைத்தாளையும் பத்தாம் வகுப்பு விடைத்தாளையும் சேர்த்துத் தரம் போடுவதைப் போன்றதே.

சென்னை ஏரிகளின் நீர் இருப்பு நாள்தோறும் வெளியிடப்படுகிறது, நாளிதழ்களிலும் பார்க்கலாம். அதில் இன்றைய இருப்புக்குப் பக்கத்தில் ‘சென்ற ஆண்டு இதே நாளில்’ என்று ஓர் எண் இருக்கும். அப்பா அதைப் பார்த்து “போன வருஷத்துக்கு இது தேவலை” என்பார். போன வருஷமே மோசமாயிருந்தால்? நாம் பூண்டியின் ஜூன் முதல் தேதி இருப்பை மட்டும் ஆண்டுவாரியாக ஒரு நோட்டில் எழுதி, குறைந்ததிலிருந்து வரிசைப்படுத்தி, மேலே சொன்ன வகுத்தலைச் செய்து பார்க்கலாம். 19 ஆண்டுகள் கிடைத்தால் முதல் இடத்துக்கு 20 வரும், இரண்டாம் இடத்துக்கு 10 வரும். அடுத்தடுத்த ஆண்டுகள் இரண்டு மேல் வரிசையில் சேர்ந்து நிற்கின்றனவா என்பதைச் சிவப்பு மையால் வட்டமிடுங்கள். வரைபடத்தாள் கணித ஆசிரியையிடம் கிடைக்கும்.